இடம்: வீடு

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வெர்னா ஹால்வர்சனின் மடிக்கணினி ஒருமுறை மணி அடித்தது. காத்திருப்பு அறைக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். வியாழன் நான்கு மணியை அவள் ஏழு வாரமாக யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த நேரத்துக்குச் சொந்தக்காரர் இறந்துபோயிருந்தார். இறந்தவர்கள் பொதுவாக நேரத்துக்கு வருவதில்லை.

காத்திருப்பு அறை என்றதும் நாற்காலியும் பழைய பத்திரிகையும் கிடக்கிற அறையை நினைக்க வேண்டாம். திரையின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை, அவ்வளவுதான். அதில் வந்தவரின் பெயர் இருக்கும், பக்கத்தில் 'உள்ளே விடு' என்றொரு பொத்தான் இருக்கும். பட்டையில் ஆ. கங்காஸ் என்று இருந்தது.

வெர்னா அறிவுள்ள பெண். வயது அறுபத்திரண்டு. மனநலச் சமூகப் பணியாளராக முப்பத்தொரு வருட அனுபவம். கடைசி ஆறு வருடமாக, டுலூத் நகரத்தின் மேட்டுத்தெருவில் இருக்கும் தன் வீட்டு மாடியறையிலிருந்தே, திரைவழியாக மனநல ஆலோசனை சொல்கிற வேலை. இடுப்புக்கு மேலே நல்ல கம்பளிச் சட்டை, கீழே பூப்போட்ட இரவு உடை. அறிவுள்ளவர்கள் செய்வதையே அவளும் செய்தாள், மென்பொருளைத் திட்டினாள். போன வாரம்தான் எதையோ புதுப்பித்திருந்தார்கள். அவர்கள் எதைப் புதுப்பித்தாலும் பழசு ஒன்று எழுந்து வந்துவிடுகிறது.

பட்டையைப் போக்குவதற்காகப் பொத்தானை அழுத்தினாள்.

திரை முழுக்கக் கறுப்பானது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. எங்கேயும் போகாமல் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய எஞ்சினின் உறுமல் அது. இடையிடையே ஒரு துடிப்பு தவறி, தொண்டையைச் செருமி, மறுபடி ஒழுங்காகி, மேசையின் பலகை வழியாக அவளுடைய முழங்கைக்கு ஏறி, அங்கிருந்து பல்லுக்குள் போய் உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே ஒரு வாசனை வந்தது. ஏலக்காய். வெண்ணெய் தடவிச் சூடாக எடுத்த ரொட்டியின் ஏலக்காய். வெர்னாவின் வீட்டில் அடுப்பு பற்றவைத்து நான்கு நாளாகியிருந்தது.

மடிக்கணினியை மூடினாள். மூடிய பிறகும், மூன்று எண்ணுகிற நேரம், எஞ்சின் ஓடியது. பிறகு நின்றது.

ஆர்வோ கங்காஸ் துறைமுகத்தில் இரும்புத்தாதுக் கப்பல்களுக்குக் கயிறு கட்டி ஓய்வு பெற்றவர். கூட மீன் பிடிக்கப் போன அண்ணன் ஏரியின் பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டார், அன்றிலிருந்து தூக்கமில்லை என்று வந்தார். மனைவி டார்லீனிடம்கூட மனம்விட்டுப் பேசத் தெரியாதவர். பேசாமலிருக்க அவருக்கு நகைச்சுவை தெரியும்.

வெர்னாவின் தொழிலில் ஒவ்வொரு அமர்வின் முதல் கேள்வியும் ஒன்றுதான். 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' மரியாதைக்காகக் கேட்பதில்லை. அவளுடைய உரிமம் மின்னசோட்டா மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும், ஆகவே எதிரே பேசுபவர் எல்லைக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று, பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டுலூத்காரர்களுக்கு மாநில எல்லை என்பது ரொட்டி வாங்கப் போகிற பாலம். அதுதான் சிக்கல்.

"இப்ப எங்க இருக்கீங்க, ஆர்வோ?" அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அவள் கேட்டாள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம். வியாழக்கிழமைதான் ஏலக்காய் ரொட்டி போடுவாங்க. டார்லீனுக்கு உசுரு. வீட்டுல அவ காதுல விழற மாதிரி அழறதுக்கு, வண்டியில உக்காந்தே அழுதுடலாம்னு..."

"அப்படின்னா இன்னைக்குப் பேச முடியாதுங்க. அந்தப் பக்கம் விஸ்கான்சின். என் உரிமம் பாலத்தோட நின்னுடும்."

"அட என்னங்க இது! நான் என்ன கடத்தலா பண்றேன்? ரெண்டு சொட்டுக் கண்ணீர். அதுக்கும் சுங்கச்சாவடியா?"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அமர்வை நிறுத்தினாள். அழுவதற்குத் தயாராக வந்த முகம் திரையில் ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு மறைந்தது. அந்த முகம் அவளை ஒரு வாரம் படுத்தியது.

அடுத்த வியாழனிலிருந்து அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டால்தானே தெரியும், தெரிந்தால்தானே நிறுத்த வேண்டும். ஆர்வோவின் தலைக்குப் பின்னால் வண்டி இருக்கையின் கிழிசல் தெரியும். தூண்டில் நரம்பு போட்டு அவரே தைத்தது, ஏழு தையல். வெர்னா அதை வாராவாரம் பார்த்தாள், வாராவாரம் பார்க்கவில்லை. அமர்வு முடிந்ததும் குறிப்பு எழுதுவதற்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஒரே பொத்தானில் போன வாரக் குறிப்பு இந்த வாரத்துக்கு வந்துவிடும். அதன் முதல் வரி: இடம்: வீடு. உறுதிசெய்யப்பட்டது.

டிசம்பர் முதல் வியாழன் பனி கொட்டியது. ஆர்வோ தலைவலி என்றார். அண்ணனைப் பற்றி ஆரம்பித்தார், பாதியில் நாக்கு குழறியது, நிறுத்தினார், கண்ணை மூடினார். முப்பத்தொரு வருடத்தில் வெர்னா கற்ற மிகப் பெரிய வித்தை பேசாமலிருப்பது. துக்கம் வாசல்வரை வந்து நிற்கும்போது நாம் வாயைத் திறந்தால் அது திரும்பிப் போய்விடும். அவள் முன்னால் சாய்ந்து, தலையை இடப்பக்கம் லேசாகச் சரித்து, "அவசரமே இல்ல. நேரம் எடுத்துக்கோங்க" என்றாள். நான்கு நிமிடம் காத்திருந்தாள். நல்ல மௌனம் என்று அப்போது நினைத்தாள்.

சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டிருந்தார். பனி தள்ளும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன குவியல் புகைக்குழாயை மூடியிருந்தது, புகை வண்டிக்குள் நிறைந்திருந்தது. கூப்பிட்டும் அவர் கண் திறக்காதபோதுதான் அவள் அவசர எண்ணுக்கு அழைத்து, குறிப்பில் இருந்த முகவரியைச் சொன்னாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த டார்லீனின் சமையலறைக்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் நான்கு பேர் நுழைந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பேக்கரி வாசலில் வண்டியைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

விசாரணையில் வெர்னா சொன்னது ஒரே வாக்கியம். "நான் கேட்டேன், வீட்டில் இருப்பதாகச் சொன்னார்." குறிப்பும் அதையே சொன்னது. அவள்மேல் தவறில்லை என்று கடிதம் வந்தது. அதை அவள் மேசை இழுப்பறையில் வைத்தாள். பிறகு அந்த இழுப்பறையைத் திறப்பதில்லை.

*

"செத்தவர் உள்ள வந்தாரா?" என்றாள் லோயிஸ், தொலைபேசியில். அவளும் அதே தொழில், இருபது வருடத் தோழி. "ஏண்டி, உசுரோட இருக்கறவங்களுக்கே பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கறதில்ல."

"விளையாடாத, லோயிஸ். வாசனை வந்துச்சு."

"உங்க தெருவுல எவளோ ரொட்டி சுட்டிருப்பா. ஒழுங்கா தூங்கறியா நீ? இங்க பாரு, நீ கேட்ட. அந்த ஆளு பொய் சொன்னார். நீ என்ன, கூட உக்காந்து வண்டி ஓட்டினியா?"

வெர்னா பதில் சொல்லவில்லை. தொழில் மௌனம் என்று லோயிஸ் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழன் மதியமே வெர்னா மடிக்கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, மூடியின் மேல் கனமான அகராதி ஒன்றை வைத்தாள். நான்கு மணிக்கு அகராதிக்கு அடியிலிருந்து மணி அடித்தது.

அகராதியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். இந்த முறை கறுப்பு இல்லை, வெள்ளை. உள்ளிருந்து மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடிகளின் வெள்ளை. அதன் நடுவே தோளும் கம்பளித் தொப்பியும். தொப்பிக்குப் பின்னால் ஏழு தையல். முகம் இருந்தது. கன்னங்கள் மட்டும் நல்ல இளஞ்சிவப்பாக, பனியில் விளையாடிவிட்டு வந்தவரைப் போல ஆரோக்கியமாக இருந்தன. விஷவாயு அப்படித்தான் செய்யும் என்று ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

எஞ்சின் ஓடியது. அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். மௌனத்தில் அவளை இதுவரை யாரும் தோற்கடித்ததில்லை. இவர் தோற்கடித்தார்.

"ஆர்வோ?" என்றாள்.

"கேளுங்க."

"என்ன... என்ன கேக்கணும்?"

"முதல்ல எப்பவும் ஒண்ணு கேப்பீங்களே." உதடு வார்த்தைக்குச் சற்றுப் பின்னால் அசைந்தது. "கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

கேட்டாள். "இப்ப எங்க இருக்கீங்க?"

"பாலத்து மேல," என்றார். "இந்தப் பக்கமா வந்துட்டிருக்கேன். உங்க உரிமத்துக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

திரை அணைந்தது. அறைக்குள் ஏலக்காய் வாசனை அன்று இரவுவரை இருந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. குளிர்காலக் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பும்போது வருமே, அது.

*

திங்கட்கிழமை டார்லீன் அழைத்தாள். வெர்னா அவளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் எட்டு மாதம் அவளைப் பற்றிக் கேட்டிருந்ததில், அவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்பதுவரை தெரியும்.

"தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க," என்றாள் டார்லீன். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வச்சுடறேன். அன்னைக்கு வீட்டுல இருக்கேன்னா சொன்னாரு? அவர் வாயாலயே?"

வெர்னா ஜன்னலைப் பார்த்தாள்.

"முப்பத்தாறு வருஷங்க. பிடிச்ச மீன் எவ்ளோ நீளங்கறதுல மட்டுந்தான் என்கிட்ட பொய் சொல்லியிருக்காரு. அதுலயும் கையை விரிக்கறப்பவே சிரிச்சுடுவாரு. வீட்டுல இருக்கேன்னு உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? ரொட்டி வாங்கினதும் நேரா வராம அந்தப் பக்கமே உக்காந்து என்ன வேலை? சீட்டுல ரெண்டு ரொட்டி இருந்துச்சு. எனக்கு எப்பவும் ஒண்ணுதான் வாங்குவாரு. ரெண்டாவது யாருக்கு?"

யாருக்கு என்று வெர்னாவுக்குத் தெரியும். நவம்பரில் ஆர்வோ சொன்னார், உங்களுக்கும் ஒன்று வாங்கி வருகிறேன் என்று. பேச வருபவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது, விதி இருக்கிறது என்றாள். 'அப்ப வாசல்ல வச்சுட்டு ஓடிடறேன்' என்றார்.

"இன்னும் புதைக்கலைங்க," என்றாள் டார்லீன். "தரை இரும்பா கெடக்கு. மே மாசம் மண்ணு இளகற வரைக்கும் கல்லறைத் தோட்டத்துக் கிடங்குலதான் வச்சிருப்பாங்க. என் இடத்துக்குப் பக்கத்து இடம் அவருக்குன்னு வாங்கினது. அதுல வைக்கறதா, இல்ல அவங்க அண்ணன் பக்கமே போய்ப் படுக்கட்டும்னு விட்டுடறதான்னு... நான் முடிவு பண்ணணும்ல?"

ஒரு வாக்கியம் போதும். நான் கேட்கவேயில்லை, அம்மா. மூன்றே சொல். அதைச் சொன்னால் உரிமம் போகும், முப்பத்தொரு வருடம் போகும், பேச வருகிற இருபத்திரண்டு பேருக்கு வேறு ஆள் தேட வேண்டிவரும். அந்த இருபத்திரண்டு பேருக்காகத்தான் என்று வெர்னா தனக்குச் சொல்லிக்கொண்டாள். நன்றாகச் சொன்னாள், அதுவும் அனுபவம்தான்.

"ஆமாங்க," என்றாள். "வீட்டுல இருக்கேன்னுதான் சொன்னார்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, "சரிங்க. அண்ணன் பக்கமே போகட்டும்."

*

மூன்றாவது வியாழன் காலையிலிருந்து பனி. சத்தமே இல்லாத பனி. மூன்றரை மணிக்கே ஏரி தெரியவில்லை, எதிர்வீடு தெரியவில்லை, வெளிச்சம் பழைய பால்போல மஞ்சளாகி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டது. வெர்னா மேசைமுன் உட்கார்ந்து ஆர்வோவின் கடைசிக் குறிப்பைத் திறந்துவைத்திருந்தாள். கையெழுத்திட்ட குறிப்பைத் திருத்த முடியாது, ஆனால் கீழே பின்குறிப்பு சேர்க்கலாம். சேர்த்தாள். 'அன்று நான் அவரிடம் இடம் கேட்கவில்லை. அக்டோபரிலிருந்தே கேட்கவில்லை.' தட்டச்சுப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. 'சேமி' பொத்தானின் மேல் விரலை வைத்தாள். எவ்வளவு நேரம் வைத்திருந்தாளோ, எடுக்கும்போது விரல் மரத்திருந்தது.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

மணி அடித்தது.

அவள் எதையும் அழுத்தவில்லை. அவர் தானே வந்தார். கண்ணாடிகள் இன்னும் வெள்ளையாக இருந்தன. கன்னங்கள் இன்னும் சிவப்பாக.

"கேளுங்க."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"உங்க தெருமுனையில. நல்ல ஏத்தமா இருக்கே உங்க தெரு. சறுக்குது." தொப்பியைச் சரிசெய்தார். "நான் அன்னைக்கு எங்க இருந்தேன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்," என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். கோபம் இல்லை. மீனின் நீளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் பார்வை.

"அப்ப சரி," என்றார். "கீழ வாங்க. ரொட்டி ஆறிடும்."

திரை போய்விட்டது. எஞ்சின் போகவில்லை.

அது இப்போது மடிக்கணினியில் இல்லை. தரையில் இருந்தது. மேசையின் காலில், நாற்காலியின் சக்கரத்தில், பேனாக் கிண்ணத்தில் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கும் பேனாக்களில். வெர்னா ஜன்னலுக்குப் போனாள். புதுப்பனி விழுந்த தெருவில் ஒரு நடமாட்டமும் இல்லை. இரண்டு டயர்த் தடங்கள் மட்டும் முனையிலிருந்து ஏறி, வளைந்து, அவள் வீட்டு வாசலுக்கு வந்து, கார் நிறுத்தும் கராஜின் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தன. கதவு மூடியிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

நல்ல மனிதர்கள் வீட்டில் விஷப்புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்று இருக்கும். அவள் வீட்டிலும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று டிவி ரிமோட்டுக்காக அதன் பேட்டரியைக் கழற்றியிருந்தாள்.

லோயிஸை அழைக்கலாம். அழைத்தால் என்ன சொல்வது? எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டால் போதும், அது வெறும் எஞ்சின்தான். கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இரவு உடையோடு, படியில் இறங்கினாள். கைப்பிடி அதிர்ந்தது. சமையலறையில் தட்டுகள் அதிர்ந்தன. கராஜுக்குப் போகும் உள்கதவின் குமிழ் வெதுவெதுப்பாக இருந்தது.

திறந்தாள்.

அவளுடைய கார் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பிக்கப் வண்டி. கூரையில் பனி, உருகாமல். பின்பக்கம் நீலப்புகை தரையோடு தரையாக ஊர்ந்து அவள் செருப்பைத் தொட்டது. கண்ணாடிகள் முழுக்க வெள்ளை. உள்ளே மங்கலாக ஒரு வெளிச்சம்.

"ஆர்வோ?"

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. பக்கத்து இருக்கையில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ரொட்டி, ஒன்றே ஒன்று, ஆவி பறக்க. சாவியைத் திருப்பி அணைக்க உள்ளே குனிந்தாள். கை எட்டவில்லை. ஒரு முழங்காலை வைத்தாள். இன்னும் எட்டவில்லை. உட்கார்ந்தாள்.

சாவித் துளையில் சாவி இல்லை.

கதவு சாத்திக்கொண்டது. சத்தமில்லாமல். மரியாதையாக.

கைப்பிடியை இழுத்தாள். இழுத்தாள். கண்ணாடியில் அடித்தாள். பின்தலையில் ஏதோ குத்தியது. கை வைத்துப் பார்த்தாள். தூண்டில் நரம்பு. எண்ணினாள். ஏழு.

தலை வலித்தது.

முன்னால், வண்டியின் முன்பலகையில் பொருத்திய கைபேசி ஒளிர்ந்தது. அதில் ஒரு அறை. மாடியறை. பேனாக் கிண்ணம். மேசைக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், வயது அறுபத்திரண்டு, நல்ல முகம், அனுபவமுள்ள முகம்.

"கேளு!" என்று வெர்னா கத்தினாள். "என்னைக் கேளு! எங்க இருக்கேன்னு கேளு!"

அந்தப் பெண் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆதரவாகத் தலையசைத்தாள்.

"கீழ இருக்கேன். கீழதான். யாரையாவது..." நாக்கு குழறியது. ஏலக்காய். புகை. மறுபடி ஏலக்காய். "அவர் சொல்லல... நான்தான்... நான் கேக்கவே..."

அந்தப் பெண் முன்னால் சாய்ந்தாள். தலையை இடப்பக்கம் லேசாகச் சரித்தாள்.

"அவசரமே இல்ல," என்றாள். "நேரம் எடுத்துக்கோங்க."

பிறகு மௌனமானாள். நல்ல மௌனம். பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலேயே ஒரு விரலால் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையின் கீழ்வரியில் எழுத்துகள் ஓடி நின்றன.

இடம்: வீடு. உறுதிசெய்யப்பட்டது.

இந்த ஒருமுறை அதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பெண் கைகளைக் கோத்துக்கொண்டு, கண்ணில் அத்தனை கனிவோடு, காத்திருந்தாள்.